வாரம் ஒரே நாள்: மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்கள் கவனத்துக்கு

முடக்குவாதத்துக்குப் பரவலாகத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட், நோய் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து. மூட்டுவலியைத் தணிக்கும், கவனம் பிசகினால் வேறு வம்பு.

1. வாரம் ஒருமுறை மாத்திரை எடுக்க வேண்டிய கிழமையை அட்டையிலேயே பெரிதாக எழுதுங்கள். பிரஷர் மாத்திரைபோல் தினமும் விழுங்கி உயிரிழந்தவர்கள் உண்டு.

2. ஃபோலிக் ஆசிட்டை டாக்டர் சொன்ன நாளில் எடுங்கள். வாய்ப்புண்ணும் குமட்டலும் குறையும். மெத்தோட்ரெக்சேட், ஃபோலிக் ஆசிட் இரண்டுமே சின்ன மஞ்சள் மாத்திரைகளாக வருவதுண்டு என்பதால், தனித்தனி டப்பா அவசியம்.

3. காய்ச்சல், தொண்டைவலி, அடிபடாமலே கன்றிப்போவது, வறட்டு இருமல், மூச்சுத்திணறல் எது வந்தாலும் அன்றே டாக்டரிடம் போங்கள். ரத்த அணுக்கள் குறைந்திருக்கலாம், நுரையீரல் பாதிக்கப்பட்டிருக்கலாம். கஷாயம் வைத்துக் குடித்துவிட்டுக் காத்திருக்கும் நேரமல்ல இது.

4. ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். கல்லீரல் பாதிப்பு ஆரம்பத்தில் வெளியே தெரியாது. மதுவும் வேண்டாம்.

5. சிறுநீர்த் தொற்றுக்குப் போனாலும் இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். அதற்குத் தரப்படும் கோ-டிரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் இதோடு சேர்ந்தால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்படலாம்.

6. குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் பேசுங்கள். இது கருவைப் பாதிக்கும் மருந்து.

வலி குறைந்துவிட்டதென்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள், மூட்டுவீக்கம் திரும்பக்கூடும்.