கரண்ட் வைக்க எங்கே போவது?

கொல்லிமலையின் திருப்புலி நாட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்து, கதிர்வீச்சு சிகிச்சை வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டால், முதல் வேலை மலையை விட்டு இறங்குவதுதான். மலையிலுள்ள பதினான்கு நாடுகளில் எதிலும் அந்தக் கருவி கிடையாது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கீழே வந்தபின் வழி பல பக்கம் பிரிகிறது. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சேலம், ஈரோடு, திருச்சி, கோவை என்று தனியார் மையங்கள் இருக்கின்றன. இன்னும் தூரம் போகத் துணிந்தால் வேலூர் சிஎம்சி, அடையாறு புற்றுநோய் நிறுவனம்.

‘கரண்ட் வைக்கிறது’ என்றுதான் ஊரில் இதைச் சொல்கிறார்கள். எங்கே வைப்பது என்று முடிவெடுக்கக் குடும்பத்தார் வழக்கமாகக் கேட்பவை இரண்டே கேள்விகள்: மிஷின் புதுசா? எவ்வளவு ஆகும்? இரண்டும் நியாயமானவை. ஆனால் அந்தக் கருவியிலிருந்து வரும் கதிரை யார், எதைக் கொண்டு, எத்தனை நாளுக்கு ஒருமுறை அளக்கிறார்கள் என்ற மூன்றாவது கேள்வியை அநேகமாக யாரும் கேட்பதில்லை. பழைய கருவியைச் சரியாக அளந்து வைத்திருக்கும் மையம், புதுக் கருவியை அளக்காமல் ஓட்டும் மையத்தைவிட மேல்.

மாத்திரையின் எடை அட்டையிலேயே அச்சாகியிருக்கும். கதிருக்கு அப்படி எதுவும் இல்லை. மேசையில் படுத்திருப்பவருக்குச் சூடோ வலியோ தெரியாது. பத்து விழுக்காடு கூடுதலாகப் பாய்ந்தாலும் அன்றைக்கு எதுவும் தோன்றாது. குறைந்தால் கட்டி தப்பிவிடும், கூடினால் பக்கத்திலிருக்கும் குடலோ தண்டுவடமோ பழுதாகும். இரண்டும் வெளியே தெரியவருவது மாதங்கள் கழித்துத்தான். அதனால்தான் நோயாளிக்குப் போய்ச் சேரும் அளவு, மருத்துவர் எழுதியதிலிருந்து ஐந்து விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது என்ற வரம்பு 1976 முதலே உலக அளவில் ஏற்கப்பட்டிருக்கிறது. ஐந்து விழுக்காடு என்பது மிகக் குறுகலான இடம்.

கருவியைத் தேர்வதிலிருந்து தொடங்கலாம். கோபால்ட் என்பது கதிரியக்கப் பொருளைத் தலையில் வைத்திருக்கும் கருவி. அடையாறில் 1957இலேயே வந்துவிட்டது. பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய ‘பாபாட்ரான்’ இந்த வகையின் உள்நாட்டு வடிவம். லீனாக் எனப்படும் நேர்கோட்டு முடுக்கியில் கதிரியக்கப் பொருள் எதுவும் இல்லை; மின்சாரத்தைக் கொண்டு கதிரை உண்டாக்குகிறது.

உடலுக்குள் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில், கோபால்ட் கதிரின் உச்ச அளவில் ஏறத்தாழ 56 விழுக்காடு எஞ்சும். ஆறு மெகாவோல்ட் லீனாக்கில் 67 விழுக்காடு. கருப்பை வாய், மலக்குடல், புராஸ்டேட் போல இடுப்புக்குள் ஆழமாக இருக்கும் கட்டிகளுக்கு இந்த வித்தியாசம் பெரியது. தண்டுவடத்துக்கோ உமிழ்நீர்ச் சுரப்பிக்கோ அருகில் ஒதுக்கி ஒதுக்கிக் கதிர் வைக்க வேண்டியிருந்தாலும் லீனாக்தான். எலும்புக்குப் பரவிய நோயின் வலியைத் தணிக்க ஒன்று முதல் பத்து நாள் வரை கரண்ட் வைக்க வேண்டியவருக்குக் கோபால்ட்டே தாராளம். அதற்காக லீனாக் தேடிக் கோவைக்கு அலைய வேண்டியதில்லை.

இரண்டுக்கும் அளவு தவறும் விதம் வேறு. கோபால்ட்டின் அரை ஆயுள் 5.27 ஆண்டு, மாதத்துக்குச் சுமார் 1.1 விழுக்காடு வலுக் குறையும். ஒரு நிமிடத்தில் முடிந்த சிகிச்சை ஐந்தே கால் ஆண்டில் இரண்டு நிமிடம் எடுக்கும். இந்தச் சரிவைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம் என்பது கோபால்ட்டின் நல்ல குணம். ஆபத்தும் அங்கேதான். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 1974 முதல் 1976 வரை ஒரு மருத்துவமனையில் 426 பேருக்கு அளவு மீறிக் கதிர் பாய்ந்தது. கருவியில் ஒரு பழுதும் இல்லை. வலுக் குறைவதைக் காட்டும் கோட்டைப் பொருந்தாத வரைபடத்தாளில் போட்டு நீட்டிக்கொண்டே போனார்கள்; இடையில் நேரடியாக அளந்து பார்க்கவில்லை. கோஸ்டா ரிகாவில் 1996இல் புதுக் கோபால்ட் பொருத்தியபோது நடந்தது இன்னும் எளிய பிழை. 0.3 நிமிடம் என்றால் 18 வினாடி. அதை 30 வினாடி என்று எடுத்துக்கொண்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள்.

ஆகவே கோபால்ட் மையத்தில் கேட்க வேண்டியது, சோர்ஸை (உள்ளிருக்கும் கதிரியக்கப் பொருளை) எப்போது மாற்றினீர்கள், மாற்றியபின் எத்தனை முறை அளந்தீர்கள் என்பது.

லீனாக்கின் கதை வேறு. நேற்று சரியாக இருந்த வெளியீடு இன்று இரண்டு விழுக்காடு நகர்ந்திருக்கலாம். அதனால் தினமும் காலையில், முதல் நோயாளியை உள்ளே விடுமுன் அளந்தாக வேண்டும். அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2009இல் வெளியிட்ட வரம்புகளைத்தான் பல நாட்டு மையங்களும் பின்பற்றுகின்றன: தினசரி அளவில் மூன்று விழுக்காடு வரை விலகல் பொறுக்கலாம், மாதாந்திர அளவில் இரண்டு, ஆண்டுச் சோதனையில் ஒன்று. காலை எட்டு மணிக்கு வரச் சொல்லிவிட்டு எட்டரை வரை உட்கார வைத்தால் எரிச்சலாகத்தான் இருக்கும். உள்ளே அந்த அளவு ஓடிக்கொண்டிருந்தால் அந்த அரை மணி நேரம் நோயாளிக்காகத்தான் செலவாகிறது.

எதைக் கொண்டு அளக்கிறார்கள்? தண்ணீர் நிரம்பிய தொட்டிக்குள் சுண்டுவிரலைவிட மெல்லிய ஒரு குழாயை இறக்குவார்கள். ஃபார்மர் அயனி அறை என்று பெயர். அதற்குள் 0.6 கன சென்டிமீட்டர் காற்று. கதிர் பட்டுக் காற்றில் உண்டாகும் மின்னூட்டத்தை எண்ணி அளவைச் சொல்வார்கள். அறை மூடியதல்ல, உள்ளே இருப்பது வெளியிலுள்ள அதே காற்று. காற்று லேசாக இருந்தால் மின்னூட்டமும் குறையும். எனவே அளக்கும் இடத்தின் வெப்பத்துக்கும் காற்றழுத்தத்துக்கும் ஏற்பத் திருத்தம் செய்தே ஆக வேண்டும்.

இதைக் கொல்லிமலைக்காரர்களுக்கு விளக்குவது எளிது. கடல் மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் மலை இது. சென்னையில் சரியாகக் காட்டும் அதே அயனி அறையை மலைமேலிருக்கும் செம்மேட்டுக்குக் கொண்டுவந்தால், எந்தக் கோளாறும் இல்லாமலே 11 முதல் 14 விழுக்காடு வரை குறைத்துக் காட்டும். திருத்த மறந்தால், கதிர் போதவில்லை என்று நினைத்து அந்த அளவுக்குக் கூட்டி வைத்துவிடுவார்கள். மலையில் கருவி இல்லாததால் இது கற்பனைக் கணக்குதான். ஆனால் சேலமும் கடல் மட்டத்தில் இல்லை. சுமார் 280 மீட்டர் உயரத்தில் அங்கே மூன்று விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் வரும். கோவையில் ஐந்தை நெருங்கும். வானிலை அறிக்கையிலோ விமான நிலையத்திலோ சொல்லப்படும் அழுத்தம் வழக்கமாகக் கடல் மட்டத்துக்கு மாற்றிச் சொல்லப்பட்ட எண். அதைக் கைப்பேசியில் பார்த்துக் கணக்கில் போட்டால், பொறுக்கக்கூடிய ஐந்து விழுக்காட்டில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். அளவறையிலேயே சரிபார்த்த பாரோமீட்டர் வைத்திருக்கும் மையமா, கைப்பேசியை நம்பும் மையமா என்பது விளம்பரப் பலகையில் தெரியாது. கேட்டால் தெரியும்.

அயனி அறையும் அவ்வப்போது மும்பையிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்கோ அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கோ போய்ச் சான்று வாங்கி வர வேண்டும். சோளக்காடு சந்தையில் முத்திரை இல்லாத தராசில் மிளகு நிறுத்தால் யாரும் சும்மா விடமாட்டார்கள்; இதுவும் அப்படிப்பட்ட முத்திரைதான். இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சான்றைப் புதுப்பிக்கச் சொல்கிறது சர்வதேச வழிகாட்டி.

இவ்வளவும் மையம் தன்னைத்தானே அளந்துகொள்வது. வெளியாள் வந்து பார்ப்பதும் உண்டு, அதுவும் தபாலில். சர்வதேச அணுசக்தி முகமையும் உலக சுகாதார நிறுவனமும் 1969 முதல் நடத்தும் திட்டத்தில், ஒளிரும் படிகத்தை அடைத்த சிறு குப்பி அஞ்சலில் வரும். மையம் அதை நீரில் வைத்து, தன் கணக்கில் இரண்டு கிரே (கதிர் அளவின் அலகு) பாய்ச்சித் திருப்பி அனுப்பும். ஆய்வகம் அதைச் சூடாக்கியோ ஒளி பாய்ச்சியோ உண்மையில் எவ்வளவு பாய்ந்தது என்று படிக்கும். இரண்டு எண்ணும் ஐந்து விழுக்காட்டுக்குள் ஒத்துப்போக வேண்டும். இந்தியாவில் இந்த வேலையை 1970களிலிருந்து பாபா மையம் கவனிக்கிறது. இரண்டு மையங்களுக்கு நடுவே தயங்கும் குடும்பம், ‘கடைசித் தபால் தணிக்கை எப்போது, என்ன வந்தது?’ என்று கேட்கலாம். உடனே பதில் சொல்லும் மையத்துக்கு மதிப்பெண் கூட்டலாம். கேள்வியே புரியாமல் விழித்தால் யோசிக்க வேண்டும்.

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இல்லாமல் எந்தக் கதிர்வீச்சு மையமும் இயங்க முடியாது. மருத்துவ இயற்பியலாளரும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரும் இருந்தே ஆக வேண்டும். ஆனால் உரிமம் என்பது தேர்வு எழுதும் தகுதி மட்டும். எல்லா மையத்துக்கும் அது பொது என்பதால் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டாது. பிரித்துக் காட்டுவது ஆள் எண்ணிக்கை. ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் தனியாகப் போட்டுப் பார்க்கிறாரா? ஒரே இயற்பியலாளர் காலையில் கருவியை அளந்து, பகலில் திட்டம் போட்டு, மாலையில் அதையே சரிபார்க்கும் மையத்தில், அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அவர் கண்ணில் படாத பிழை அப்படியே போய்விடும்.

ஐஎம்ஆர்டி என்று பில்லில் எழுதியிருந்தால் இன்னொரு கேள்வி சேர்கிறது. கதிரின் அடர்த்தியைப் புள்ளிக்குப் புள்ளி மாற்றி வைக்கும் முறை இது. கணினி போட்ட திட்டத்தை நோயாளி மேல் செலுத்துமுன், உணரிகள் பதித்த பலகையின் மேல் ஒருமுறை செலுத்திப் பார்க்க வேண்டும். திட்டமும் அளவும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து புள்ளிகளில் ஒத்துப்போக வேண்டும் என்பது 2018இல் வந்த பரிந்துரை. இந்தச் சோதனைக்கு ஒரு மாலைப்பொழுது பிடிக்கும். ஸ்கேன் எடுத்த மறுநாளே ஐஎம்ஆர்டி தொடங்கிவிடலாம் என்று சொல்லும் மையத்தைவிட, ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்று சொல்லும் மையத்தை நம்பலாம்.

நோயாளியின் தோல்மேல் சிறு உணரியை ஒட்டி, பாய்ந்த அளவை அங்கேயே பார்ப்பதும் உண்டு. பிரான்சின் எபினால் நகரில் 2004–05இல் ஆங்கிலத்திலிருந்த மென்பொருளில், கதிரை ஒரு பக்கமாகச் சரித்து வைக்கும் ‘வெட்ஜ்’ என்ற ஆப்பைத் தவறாகத் தேர்ந்ததால் 24 பேருக்கு அளவு மீறியது. அதன்பின் அந்நாட்டில் இந்தத் தோல் அளவீட்டைக் கட்டாயமாக்கினார்கள். டயோடு உணரியானால் எண் உடனே தெரியும். சூடாக்கிப் படிக்கும் டிஎல்டி வில்லையானால் எடுத்துப்போய்ப் படித்துச் சொல்ல வேண்டும். எது இருந்தாலும் நல்லது.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வெளியிலிருந்து வைக்கும் கரண்ட் மட்டும் போதாது. சுமார் ஐந்து வாரம் வெளிக்கதிர், பிறகு உள்ளே குழாய் வைத்துச் செலுத்தும் பிராக்கிதெரபி. இரண்டும் சேர்ந்து எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். வெளிக்கதிர் ஓரிடம், உட்கதிர் வேறு ஊர் என்று பிரித்தால் நடுவில் நாள் கழியும். ஆகவே இந்த நோய்க்கு இரண்டும் ஒரே கூரைக்குள் இருக்கும் மையத்தைத் தேர்வதே சரி. லீனாக் எவ்வளவு புதிது என்பது அதற்குப் பின்தான். உட்கதிருக்குப் பயன்படும் இரிடியத்தின் அரை ஆயுள் 74 நாள்தான். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ஒவ்வொரு முறையும் கிணறு வடிவ அயனி அறையில் அளந்து, வந்த சான்றோடு ஒப்பிட வேண்டும்.

இங்கேதான் மலைக்காரருக்கு மட்டுமான கணக்கு ஒன்று நுழைகிறது. தலை, கழுத்துப் பகுதிக்கு 33 முதல் 35 நாள், ஞாயிறு தவிர அல்லது சனி ஞாயிறு தவிர, தொடர்ந்து கரண்ட் வைக்க வேண்டும். இடையில் விடுபடும் ஒவ்வொரு நாளும் நோய் கட்டுப்படும் வாய்ப்பைச் சுமார் ஒரு விழுக்காடு தின்கிறது. நாட்கள் போனாலும் அளவு போனதாகத்தான் பொருள். கீழே தங்க இடமில்லாமல் வளைவுகளில் தினமும் ஏறி இறங்கி, மூன்றாவது வாரத்தில் வாய் புண்ணாகி நின்றுவிடுவதைவிட, கோபால்ட் உள்ள ஊரில் தங்கி முழுதாக முடிப்பது பல நேரங்களில் நல்ல தேர்வு. தங்குமிடமும் சாப்பாடும் எங்கே என்பதை மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் முதல் நாளே கேட்க வேண்டும். போன ஆண்டில் கருவி எத்தனை நாள் நின்றது, நின்றால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்க வேண்டும். இரண்டு கருவி உள்ள மையம் இங்கே முந்துகிறது.

பணம் பற்றிச் சுருக்கமாக: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர்வீச்சு சிகிச்சையும் அடங்கும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். ஆனால் எந்த முறைக்கு அனுமதி கிடைத்திருக்கிறது, சாதாரணக் கதிரா ஐஎம்ஆர்டியா என்பதை எழுத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. ரயிலில் புற்றுநோயாளிக்கும் உடன் வருபவருக்கும் கட்டணச் சலுகை உண்டு; படிவத்தில் மருத்துவமனையின் கையெழுத்து வேண்டும்.

எந்த மையத்தைத் தேர்ந்தாலும் சிகிச்சை முடிந்து மலையேறுமுன் வாங்க வேண்டிய தாள் ஒன்று உண்டு. உடலின் எந்தப் பகுதிக்கு, மொத்தம் எத்தனை கிரே, எத்தனை நாளில், எந்தக் கருவியில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று எழுதிய சுருக்கம். சில ஆண்டு கழித்து அதே இடத்தில் நோய் திரும்பி, வேறு ஊரில் வேறு மருத்துவர் மறுபடி கரண்ட் வைக்கலாமா என்று யோசிக்கும்போது, தண்டுவடம் இன்னும் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட அவருக்கு அந்த எண்கள் வேண்டும்.