முதல் ஆட்டத்தை முன்கூட்டிப் படிப்பது எப்படி?

கல்லூரிக் கால்பந்துப் பருவத்தின் முதல் ஆட்டம் மற்ற ஆட்டங்களைப் போன்றதல்ல. சென்ற ஆண்டு ஆடிய மூத்த மாணவர்கள் படிப்பை முடித்துப் போயிருப்பார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒருவரோடொருவர் இன்னும் பழகியிருக்க மாட்டார்கள். இப்போதைய எதிரணியை யாரும் பார்த்திருக்கவும் முடியாது. கல்லூரிகளுக்கிடையேயான போட்டிகளில் பல நாக்-அவுட் முறையில் நடப்பவை. முதல் நாளே தோற்றால் அந்த ஆண்டு அதோடு முடிந்தது. பல்கலைக்கழக அணிக்குத் தேர்வு செய்பவர்கள் கண்ணில் படவும், பிறகு ரயில்வே போன்ற இடங்களில் விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கவும் இறுதியாண்டு மாணவனுக்கு அந்த ஒரு மாலைதான் கிடைக்கும் என்றும் ஆகலாம். நம் சங்கத்துக் குடும்பங்களில் பந்தாடும் பிள்ளைகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

எதிரணியில் யார் கெட்டிக்காரன் என்று விசாரிப்பதுதான் நம் வழக்கம். அதைவிடப் பயனுள்ளது, எந்த இடத்தில் யாருக்கு ஓர் ஆள் கூடுதல் என்று எண்ணிப் பார்ப்பது. ஒரு தாளில் இரண்டு அணிகளையும் எதிரெதிரே வரையுங்கள். நம் அணி 4-3-3, எதிரணி 4-4-2 என்று வைத்துக்கொள்வோம். நடுக்களத்தின் மையத்தில் நமக்கு மூவர், அவர்களுக்கு இருவர். அங்கே நம்மில் ஒருவன் எப்போதும் தனியாக நிற்பான். பந்து அவனிடம் போகவேண்டும். ஆனால் பின்னால் பாருங்கள். நம் ஸ்டாப்பர் இருவரை அவர்களுடைய ஸ்டிரைக்கர் இருவர் நேருக்கு நேர் சந்திக்கிறார்கள். ஒருவர் வழுக்கினால் துணைக்கு ஆளில்லை. மூவரில் ஒருவன் பின்னுக்கு இறங்கி அந்த இருவருக்கு நடுவில் நின்றால் பின்களம் பாதுகாப்பாகும். நடுக்களத்தில் இருந்த கூடுதல் ஆள் போய்விடும். ஒரு பக்கம் கூட்டினால் மறு பக்கம் குறையத்தான் செய்யும். இரண்டு தரப்புக்கும் பதினொருவர்தானே! எந்தக் குறையைத் தாங்கலாம் என்று முடிவெடுப்பதே பயிற்சியாளரின் வேலை.

புது அணி சறுக்கும் இன்னோர் இடம், ஆளை ஒருவரிடமிருந்து ஒருவர் ஏற்றுக்கொள்வது. எதிரணியின் விங் ஆட்டக்காரன் ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி ஓடினால் ஃபுல் பேக் அவனைத் தொடர்வதா, ஸ்டாப்பரிடம் விடுவதா? டோக்கன் முறையில் இயங்கும் ஒற்றை வழிப் பாதையில் டோக்கன் கைக்கு வராமல் டிரைவர் அடுத்த பகுதிக்குள் வண்டியைச் செலுத்தமாட்டார். இங்கேயும் அப்படித்தான். "என் ஆள்" என்று குரல் வந்த பிறகே முதலாமவன் விடவேண்டும். பருவத்தின் தொடக்கத்தில் இந்தக் குரல் எழுவதில்லை. இருவருமே மற்றவன் பார்த்துக்கொள்வான் என்று நிற்பார்கள். முதல் ஆட்டங்களில் விழும் கோல்களில் பாதியாவது இப்படி வந்தவைதான் என்பது என் எண்ணம்.

இப்படி ஆளுக்கு ஆள் கணக்குப் பார்த்து ஓர் ஆட்டத்தையே மாற்றியமைத்தவர் ஹைதராபாத்தின் எஸ். ஏ. ரஹீம். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியா முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 என்று தோற்றது. இடையில் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம். ரஹீம் அவரை உட்கார வைக்கவில்லை. பின்களத்திலிருந்து எடுத்து சென்டர் ஃபார்வர்டாக நிறுத்தினார். இறுதி ஆட்டத்தில் மீண்டும் அதே தென்கொரியா. முதல் கோலை பி. கே. பானர்ஜி போட்டார், இரண்டாவதை ஜர்னைல் சிங். 2-1, தங்கப் பதக்கம். முதல் ஆட்டத்தில் கொரியர் பார்த்த ஜர்னைல் சிங் பின்களத்தில் நின்றவர். இறுதி ஆட்டத்தில் அவர்களுடைய கோல் முன்னாலேயே வந்து நின்றார்.

நம் ஊரிலும் பாடம் உண்டு. எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானத்தில்தான் 1973 டிசம்பரில் கேரளம் முதன்முறையாக சந்தோஷ் கோப்பையை வென்றது. 3-2. மூன்று கோலும் கேப்டன் மணி போட்டவை. பயிற்சியாளர், 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆடிய சைமன் சுந்தரராஜ். தோற்ற அணி எது தெரியுமா? என் ரயில்வேதான்! அதற்காக அந்த வெற்றியைக் குறைத்துச் சொல்லமாட்டேன். மூன்று கோலும் ஒருவரே போட்டார் என்றால் எதிரணி அவர் மேல் போட்ட காவல் போதவில்லை என்று பொருள். நம் பையன்களும் ஆட்டத்துக்கு முன்பே தீர்த்துக்கொள்ளட்டும்: எதிரணியின் கோல் அடிப்பவனை யார் பார்ப்பது, அவர் மேலேறிப் போனால் அந்த இடத்தில் யார் நிற்பது.

மைதானத்தையும் முதல் நாளே நடந்து பாருங்கள். கொச்சி மழையில் கோல் முன்பகுதி சேறாகிவிடும். குட்டைப் பாஸ் அங்கே நின்றுபோகும். ஈரப்புல்லில் தாழ்வாக அடித்த பந்து வழுக்கிக்கொண்டு கோலியின் கையிலிருந்து நழுவும். மாலையில் மேற்கே பார்த்து நிற்கும் கோலிக்கு வெயில் கண்ணில் அடிக்கும். டாஸ் வென்றால் எந்தப் பக்கம் கேட்பது என்பதை கேப்டன் காலையிலேயே முடிவு செய்துகொள்ளலாம்.

ஆட்டம் தொடங்கிய பிறகு முதல் பத்து நிமிடம் பந்தைப் பார்க்காதீர்கள். கஷ்டம்தான், கூட்டம் கத்தும்போது கண் பந்தின் பின்னால்தான் போகும். எதிரணியின் நான்கு பின்கள ஆட்டக்காரர்கள் மட்டும் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். ஃபுல் பேக் மேலே ஏறினால் அவன் முதுகுக்குப் பின்னால் எவ்வளவு இடம் கிடக்கிறது, அதை மூட யார் ஓடி வருகிறார்கள் என்று தாளில் குறித்து, இடைவேளையில் பயிற்சியாளர் கையில் கொடுங்கள்.