பிரெஞ்சுக்கு எந்தச் செயலி, எந்த ஒலிப்பாடம்?

பிரெஞ்சு தெரிந்தால் சம்பளத்தோடு மொழிப்படி என்று தனியாக ஒரு தொகை வரும் என்று கேள்விப்பட்ட அன்றைக்கே பலர் கைபேசியில் ஒரு செயலியை ஏற்றிவிடுகிறார்கள். ஆறு மாதம் ஒரு நாள் விடாமல் தட்டுவார்கள், ஸ்ட்ரீக் அறுந்திருக்காது. ஆனால் லியோனிலிருந்து ஒரு வாடிக்கையாளர் போனில் பேசத் தொடங்கினால் முதல் வாக்கியமே பிடிபடாது. செயலியைக் குறை சொல்லிப் பயனில்லை. திரையில் கிடக்கும் சொற்களைத் தொட்டு வரிசைப்படுத்த அது கற்றுக்கொடுத்தது, அதை ஒழுங்காகவே செய்தது. போனில் வரும் குரலுக்குக் காதைப் பழக்கும் வேலையை அதனிடம் யாரும் கேட்கவில்லை.

அதனால் எது நல்ல செயலி என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். உங்கள் வேலைக்குள் பிரெஞ்சு எந்த வழியாக வருகிறது என்று முதலில் பாருங்கள்.

சென்னை, பெங்களூர் பேக் ஆபீஸ்களில் பிரெஞ்சு இன்வாய்ஸ் பார்ப்பவருக்கு முக்கால்வாசி வேலை கண்ணுக்கும் கைக்கும்தான். 1 250,50 என்று வந்தால் அது ஆயிரத்து இருநூற்றைம்பது யூரோ ஐம்பது சென்ட். அங்கே காற்புள்ளிதான் தசமப்புள்ளி, ஆயிரத்துக்குப் பின்னால் வெறும் இடைவெளி. இவருக்கு மின்னஞ்சல் நடையும் அலுவலகச் சொற்களும்தான் உடனடித் தேவை, ஒலிப்பாடம் சில மாதம் காத்திருக்கலாம். வாய்ஸ் சப்போர்ட்டுக்குப் போகிறவருக்கு நேர்மாறு. எழுத்துப்பிழை இருந்தால் மென்பொருள் திருத்திவிடும், மறுமுனையில் இருப்பவர் சொன்ன எண்ணைத் தவறாகக் கேட்டால் காப்பாற்ற ஆளில்லை.

கனடா நிரந்தர வசிப்புரிமைக்குப் படிப்பவர் மூன்றாவது வகை. எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் 2023 முதல் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று தனிச் சுற்றுகள் நடக்கின்றன. கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் நான்கிலும் கனடாவின் பிரெஞ்சு அளவுகோலான என்சிஎல்சியில் 7 வேண்டும். ஐரோப்பிய அளவுகோலில் அது ஏறக்குறைய பி2. இங்கே பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. டெல்ஃப் என்ற பிரெஞ்சுத் தேர்வின் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது, வேலை தேடும்போது நன்றாகவே உதவும். ஆனால் எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு அது செல்லாது. அதற்கு டெஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடாதான் எழுத வேண்டும், அந்த முடிவு இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும். எனவே தேர்வு எழுதும் தேதியை முடிவு செய்துவிட்டு அதற்கேற்ற பாடத்தை வாங்குங்கள்.

பாரிஸில், லா ஷப்பேல் பக்கம் கடையிலும் சமையலறையிலும் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு இப்போது கணக்கு இன்னும் இறுக்கம். 2026 ஜனவரி 1 முதல் முதன்முறை விண்ணப்பிப்பவர்களுக்கு, பல்லாண்டு வசிப்பு அட்டைக்கு ஏ2, பத்தாண்டு அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2 என்று படிகள் உயர்ந்திருக்கின்றன. அங்கே இருப்பவர்கள் காசு கொடுத்து எதையும் வாங்கும் முன், ஃபன் மூக் தளத்தில் பிரெஞ்சு மொழிப் பள்ளியான பாரிஸ் அலியான்ஸ் பிரான்சேஸ் நடத்தும் ‘பிரான்ஸில் வாழ்வது’ என்ற இலவசப் பாடவரிசையைப் பார்த்துவிட வேண்டும். ஏ1, ஏ2, பி1 மூன்றுக்கும் இருக்கிறது.

எத்தனை நேரம் ஆகும்? அமெரிக்க வெளியுறவுத் துறையின் எஃப்எஸ்ஐ பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசும் அதிகாரி ஒருவர் பிரெஞ்சில் தொழில் செய்யும் அளவுக்கு வர 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் என்று கணக்கு வைத்திருக்கிறது. அதுவும் சம்பளம் வாங்கிக்கொண்டே முழுநேரமாகப் படிப்பவருக்கு. தினம் கால் மணி நேரம் என்றால் ஆண்டுக்குத் தொண்ணூறு மணி நேரம் சொச்சம். ‘மூன்று மாதத்தில் சரளம்’ என்ற விளம்பரத்தை இந்தக் கணக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

காது பழகாமல் கதையில்லை

பிரான்ஸில் தொலைபேசி எண் பத்து இலக்கம், இரண்டிரண்டாகச் சொல்வார்கள். ‘சுவாசான்த்’ என்று அறுபது காதில் விழுந்ததும் கை 6 என்று தட்டிவிடும். உடனே ‘தூஸ்’ என்று பன்னிரண்டு வரும். அவர் சொன்னது 72, அறுபதும் பன்னிரண்டும் சேர்ந்தது. எண்பதுக்கு நான்கு இருபது: ‘காத்ர்-வான்’. அதன் பின்னால் ‘தீ-செத்’ என்ற பதினேழு ஒட்டினால் 97. ‘காத்ர்’ கேட்டதும் 4 என்று அடித்தவர் அழித்துவிட்டு நிமிர்வதற்குள் அடுத்த இரண்டு ஜோடி போய்விடும். பெல்ஜியத்திலிருந்தோ சுவிட்சர்லாந்திலிருந்தோ அழைப்பவர் எழுபதுக்கு ‘செப்தான்த்’, தொண்ணூறுக்கு ‘நொனான்த்’ என்று வேறு சொல்வார். கியூபெக்காரர் பிரான்ஸ் கணக்கையே சொல்வார், உச்சரிப்புதான் வேறு.

இந்த ஒரு சங்கதியை வைத்தே ஒலிப்பாடத்தை எடைபோட்டுவிடலாம். எண்களை ஒன்று முதல் நூறு வரை ஒப்பிப்பதோடு நிறுத்துகிறதா, இல்லை போன் எண், ரயில் நேரம், ரூபாய் யூரோக் கணக்கு என்று கலைத்துப்போட்டு இயல்பான வேகத்தில் கேட்க வைக்கிறதா? முதல் வகை என்றால் வேறு பாருங்கள்.

வேகம் என்பதும் வெறும் வேகமல்ல. எனக்குத் தெரியாது என்பதைப் பாடத்தில் ‘ஜெ நெ சே பா’ என்று நான்கு துண்டாகச் சொல்லிக்கொடுப்பார்கள். தெருவில் அது ‘ஷே பா’. இருக்கிறது என்பதற்கான ‘இல் இ ஆ’ வெறும் ‘யா’ ஆகிவிடும். நாம் ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று எழுதிவிட்டு ‘வந்துட்ருக்கேன்’ என்பது மாதிரிதான். நல்ல பாடம் இரண்டு வடிவத்தையும் தரும். இதைச் சோதிக்க எளிய வழி, மாதிரியாகத் தரும் முதல் பாடத்தை விட்டுவிட்டுக் கடைசிப் பாடத்தைத் தேடிக் கேட்பது. முதல் பாடம் எல்லாரிடமும் அழகாகத்தான் இருக்கும். கடைசிப் பாடத்திலும் அறிவிப்பாளர் குழந்தைக்குச் சோறூட்டும் நிதானத்தில் பேசினால் அந்தப் பாடம் உங்களைப் போன் வரைக்கும் கொண்டுவந்து சேர்க்காது.

தமிழ்க் காதுக்குச் சில சலுகைகள் உண்டு, இதை எந்தப் பாடப் பெட்டியிலும் அச்சிட்டிருக்க மாட்டார்கள். பேச்சில் ‘மரம்’ என்பதன் கடைசி ஒலியை உதட்டை மூடாமல் மூக்கால் முடிக்கிறோம். பிரெஞ்சின் மூக்கொலிகள் அந்த வகைதான், ஆங்கிலேயர் மாதக்கணக்கில் படும் பாடு நமக்கு இல்லை. ‘த்யூ’ என்றால் நீ, ‘வூ’ என்றால் நீங்கள். ஆங்கிலவழிப் பாடங்கள் இதற்கென்று ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கும், தயங்காமல் தாண்டிப் போங்கள். வாடிக்கையாளரிடம் கடைசிவரை ‘வூ’தான் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். இரண்டு சொல் சேரும்போது நடுவே ஒரு மெய் முளைப்பதும் புணர்ச்சி படித்தவர்களுக்குப் புதிதல்ல. நமக்குக் கஷ்டம் வேறு இடத்தில்: உதட்டை ‘ஊ’வுக்குக் குவித்துக்கொண்டு நாக்கை ‘ஈ’யில் வைக்கும் அந்த உயிரொலி. மேலே என்பதற்கும் கீழே என்பதற்கும் உள்ள வித்தியாசமே அதில்தான் இருக்கிறது. ‘தெஸ்யூ’ என்றால் மேலே, ‘தெஸூ’ என்றால் கீழே. கிடங்கில் வேலை பார்ப்பவர் இதைத் தவறவிட்டால் பெட்டி தப்பான தட்டுக்குப் போகும்.

உச்சரிப்பைச் சரிபார்க்கிறோம் என்று சொல்லும் மென்பொருளையும் இதே ஜோடியை வைத்துச் சோதியுங்கள். அது ‘தெஸ்யூ’ கேட்கும்போது வேண்டுமென்றே ‘தெஸூ’ என்று சொல்லுங்கள். பச்சை டிக் விழுந்தால் அந்த வசதிக்கென்று கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

எதில் என்ன இருக்கிறது

வாய் திறக்க வைப்பதில் பிம்ஸ்லர் இன்னும் முன்னால் நிற்கிறது. பால் பிம்ஸ்லர் என்ற அமெரிக்கப் பேராசிரியர், கேட்டதை மறக்கும் தறுவாயில் மறுபடி கேட்டால்தான் மனதில் நிற்கும் என்பதை 1967இல் ஒரு இடைவெளி அட்டவணையாகவே எழுதியவர். பாடம் ஒன்று அரை மணி நேரம். ஆங்கிலத்தில் கேள்வி வரும், சில நொடி மௌனம், நீங்கள் சொல்ல வேண்டும், பிறகு விடை. அந்த மௌனத்தில்தான் பாடமே இருக்கிறது. மின்சார ரயில் நெரிசலில் முணுமுணுக்கக் கூச்சப்படுபவர்கள் வீட்டு மொட்டைமாடியில் கேட்கலாம், மனதுக்குள் சொல்வது கணக்கில் சேராது. குறையும் சொல்லிவிடுகிறேன்: சொற்கள் கொஞ்சம், ஹோட்டலும் உணவகமும் அதிகம், எழுத்து மிகக் குறைவு.

மிஷெல் தொமாஸ் பாடத்தில் ஆசிரியரோடு இரண்டு மாணவர்கள் இருப்பார்கள், அவர்கள் தடுமாறுவதும் ஒலிப்பதிவில் இருக்கும். வாக்கியம் கட்டும் தைரியம் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். அந்த மாணவர்களின் உச்சரிப்பைப் பின்பற்றிவிடாதீர்கள், ஆசிரியர் திருத்திச் சொல்வதை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

என் ஓட்டு அசிமிலுக்கு. 1929இல் பாரிஸில் தொடங்கிய நிறுவனம். தினம் ஒரு சின்ன உரையாடல், ஒலியும் உண்டு, எதிர்ப்பக்கத்தில் மொழிபெயர்ப்பும் உண்டு. பாதி வழிவரை கேட்டுப் புரிந்துகொண்டால் போதும். ஐம்பதாவது பாடம் வாக்கில் மறுபடி முதல் பாடத்துக்குத் திரும்பி, மொழிபெயர்ப்பைப் பார்த்துப் பிரெஞ்சில் சொல்லிப் பார்க்க வேண்டும். அலுவலகம் போய் வருபவருக்கு இந்த அளவு சரியாகப் பொருந்தும். பிரெஞ்சுக்காரர்கள் தமிழ் கற்க இதே நிறுவனம் ஒரு புத்தகம் போட்டிருக்கிறது. அதைத் தலைகீழாகப் பயன்படுத்தினால் ஆங்கிலம் நடுவில் வராமல் தமிழும் பிரெஞ்சும் நேருக்கு நேர் கிடைக்கும். தொடக்கநிலைக்கு இல்லாவிட்டாலும் ஓரளவு தெரிந்தவர்களுக்கு நல்ல விளையாட்டு.

எஃப்எஸ்ஐ தன் அதிகாரிகளுக்காகத் தயாரித்த பழைய பிரெஞ்சுப் பாடங்கள் அரசுத் தயாரிப்பு என்பதால் காப்புரிமை இல்லாமல் இலவசமாகக் கிடைக்கின்றன. கரகரப்பான ஒலி, தூதரகக் காலத்துச் சொற்கள், ஒரே வாக்கியத்தை மாற்றி மாற்றிச் சொல்லும் பயிற்சி. சலிப்புத் தட்டும். ஆனால் வினைச்சொல் தானாக வாயில் வர இதைவிடக் கறாரான பயிற்சி காசு கொடுத்தாலும் எளிதில் கிடைக்காது.

டுவோலிங்கோவை என்ன செய்வது? பழக்கம் உண்டாக்க வைத்துக்கொள்ளுங்கள், அதையே முழுப் பாடமாக நம்ப வேண்டாம். சொற்களுக்கு ஆன்கி என்ற நினைவு அட்டைச் செயலி போதும். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். அதில் அட்டை போடும்போது பெயர்ச்சொல்லை ‘ஒரு’ என்ற பொருள் தரும் ‘அன்’, ‘யூன்’ சேர்த்தே போடுங்கள். ‘லெ’, ‘லா’ போட்டால் உயிரெழுத்தில் தொடங்கும் சொற்களில் இரண்டும் வெறும் ‘ல்’ ஆகிப் பால் மறைந்துவிடும். பள்ளிக்கூடம் ‘லெகோல்’ என்று பதிந்தால் ஆண்பாலா பெண்பாலா என்று தெரியாது. ‘யூன் எகோல்’ என்று பதிந்தால் சந்தேகமே வராது.

ஏ2 தாண்டியதும் பாடங்களைக் குறைத்துவிட்டு நிஜ ஒலிக்கு வாருங்கள். ஆர்எஃப்ஐ வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தி பத்து நிமிடம், எழுத்துவடிவமும் தருகிறார்கள். முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள், பிறகு பார்த்துக்கொண்டு கேளுங்கள், மறுநாள் மறுபடி பார்க்காமல். டிவி5 மோந்த் தளத்தில் ஏ1 முதல் பி2 வரை காணொளிப் பயிற்சிகள் இலவசம். கனடா போகிறவர்கள் ரேடியோ-கனடாவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், பாரிஸ் குரல் மட்டும் கேட்ட காது மொன்ட்ரியலில் திணறும். எழுத்துவடிவம் இல்லாத ஒலி எவ்வளவு அருமையாக இருந்தாலும் இந்தக் கட்டத்தில் பாதிப் பயன்தான்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளோடு குரலில் பேசிப் பழகலாம். ‘பொருள் வந்து சேரவில்லை என்று கோபப்படும் வாடிக்கையாளராக நடி’ என்றால் நடிக்கும், அலுத்துக்கொள்ளாது. அது தப்பை நாசூக்காக விட்டுவிடும் பழக்கம் உடையது என்பதால் ஒவ்வொரு பிழையையும் நிறுத்திச் சொல் என்று முதலிலேயே கட்டளை கொடுங்கள். அலுவலகத்து வாடிக்கையாளரின் மின்னஞ்சலை அதில் ஒட்டாதீர்கள். மொழி கற்கப்போய் வேலையை இழக்க வேண்டாம்.

‘இதை முடித்தால் பி2’ என்று ஒரு மென்பொருள் சொன்னால் அது அந்த நிறுவனம் தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட மதிப்பெண். டெல்ஃப் நடத்தும் ஃபிரான்ஸ் எடுகாசியோன் இன்டர்நாசியோனல் தளத்தில் மாதிரி வினாத்தாள்கள் ஒலியோடு கிடைக்கின்றன. நான்கு பகுதிக்கும் 25 வீதம் நூறு மதிப்பெண், தேர்ச்சிக்கு 50, எந்தப் பகுதியிலும் 5க்குக் கீழே போகக் கூடாது. அதை எழுதிப் பாருங்கள். பேச்சும் எழுத்தும் திருத்த ஒரு மனிதர் வேண்டும் என்பது அப்போது தெரியும். செயலிக்கென்று வைத்திருந்த பணத்தை அதில் போடாமல் சென்னை அல்லது புதுச்சேரி அலியான்ஸ் பிரான்சேஸில் போடலாம். புதுச்சேரிக் கிளை 1889இலிருந்து இருக்கிறது.

பணம் கட்டும் முன் எச்ஆரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தேர்வுக் கட்டணத்தைத் திருப்பித் தரும் நிறுவனங்கள் பாடச் சந்தாவைத் தராமல் போகலாம், இரண்டுக்கும் ரசீது உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். ஆண்டுச் சந்தாவுக்குப் போகாமல் ஒரு மாதம் மட்டும் எடுங்கள். எடுத்த அன்றே கூகுள் பிளேயில் தானாகப் புதுப்பிப்பதை நிறுத்திவிடுங்கள், கட்டிய மாதம் முடியும்வரை செயலி வழக்கம்போல ஓடும்.