ஐப்பசி மழையில் பூனைக்குட்டியை வீட்டுக்குள் எடுப்பவர்களுக்கு

வடகிழக்குப் பருவமழைக் காலம். மாடிப்படிக்கு அடியிலும் நிறுத்திய வண்டிகளுக்குக் கீழேயும் நனைந்த குட்டிகள் ஒதுங்குகின்றன. இரக்கப்பட்டு வீட்டுக்குள் எடுங்கள், எடுக்கத்தான் வேண்டும். ஆனால் வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால், புதுக்குட்டியை இரண்டு வாரம் தனி அறையில் வையுங்கள். குளியலறை என்றாலும் போதும். சாப்பாட்டுத் தட்டு, தண்ணீர்க் கிண்ணம், மண் தட்டு எல்லாம் தனி. வீட்டுப் பூனையின் வேலையை முடித்துவிட்டுக் கடைசியாகக் குட்டியிடம் போங்கள். வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி உடையை மாற்றுங்கள்.

இவ்வளவு கெடுபிடியும் முக்கியமாகப் பான்லூக்கோபீனியா என்ற நோய்க்காக. நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸுக்கு நெருங்கிய இனம் இதன் வைரஸ். குடலின் உள்சுவரையும் எலும்பு மஜ்ஜையையும் சேர்த்தே தாக்கும். இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரிந்துவிடுவதால் குட்டிக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் போகும். நேற்று ஓடியாடிய குட்டி இன்று சுருண்டு படுக்கும். மஞ்சளாக வாந்தி எடுக்கும். தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப்போட்டபடி குடிக்காமல் உட்கார்ந்திருக்கும். கழிச்சல் பெரும்பாலும் பிறகுதான் வரும், சில குட்டிகளுக்கு வராமலே போகும். அதனால் கழிச்சலுக்காகக் காத்திருக்க வேண்டாம். வாந்தியும் சாப்பிட மறுப்பதும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். 'காலையில் பார்க்கலாம்' என்று விட்ட ஓர் இரவிலேயே குட்டி கையை விட்டுப் போய்விடலாம்.

சிகிச்சை என்பது டிரிப்ஸ், வாந்தியை நிறுத்தும் ஊசி, குடல்வழி இரத்தத்தில் புகும் பாக்டீரியாவுக்கு ஆன்டிபயாட்டிக், உடல் குளிராமல் கதகதப்பு. உடல் தானாக வைரஸை வெல்லும்வரை குட்டியைத் தாக்குப்பிடிக்க வைப்பதுதான் நோக்கம். முதல் ஐந்து நாளைத் தாண்டிய குட்டிகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றன. ஆகவே செலவுக்கும் அலைச்சலுக்கும் சோர்ந்து பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

வாசலைத் தாண்டாத பூனைக்கும் இந்த நோய் வரும். நம் செருப்பிலும் துணியிலும் வைரஸ் வீட்டுக்குள் வந்துவிடும். தரையில் ஓராண்டுகூட உயிர்ப்போடு கிடக்கும். சானிடைசரை நம்ப வேண்டாம். பினாயில் வேண்டவே வேண்டாம், அது பூனைக்கு விஷம். சோப்பால் கழுவிய தரையில், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி வீட்டு ப்ளீச் திரவம் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் விட்டுத் துடையுங்கள். காயும்வரை பூனை அந்தப் பக்கம் வரக்கூடாது. இந்த நோயில் குட்டி இறந்த வீட்டுக்கு, தடுப்பூசி முடிக்காத இன்னொரு குட்டியைக் கொண்டுவராதீர்கள்.

பான்லூக்கோபீனியாவுக்கும், பூனைச் சளியை உண்டாக்கும் ஹெர்ப்பீஸ், கேலிசி வைரஸ்களுக்கும் சேர்த்து ஒரே தடுப்பூசி இருக்கிறது. எட்டு வார வயதில் முதல் ஊசி; பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக, பதினாறு வாரம் முடியும்வரை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியைச் செயலிழக்கச் செய்யலாம் என்பதால், ஒன்றோடு நிறுத்தினால் பயனில்லாமல் போகக்கூடும். சினைப்பூனையாக இருந்தால் மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள்.

தடுப்பூசி போட்டும் சளி வரலாம், ஆனால் கடுமை குறையும். ஹெர்ப்பீஸ் ஒருமுறை வந்தால் நரம்பில் ஆயுள் முழுக்கத் தங்கி, பூனை மிரளும்போது மீண்டும் தலைதூக்கும். தீபாவளி வெடிச்சத்தம் அப்படிப்பட்ட ஒரு நேரம். அன்று ஜன்னலை மூடி, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டியாவது கொடுங்கள். மூக்கடைத்த பூனைக்கு வாசனை தெரியாது, அதனால் சாப்பிடாது. கண், மூக்கை வெதுவெதுப்பான ஈரத்துணியால் துடைத்துவிட்டு, வேகவைத்த மீனை இளஞ்சூட்டில் வையுங்கள். நாக்கில் புண்ணும் எச்சில் ஒழுகலும் இருந்தால் கேலிசியாக இருக்கலாம். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் மருத்துவரிடம் போங்கள். நமக்குக் கொடுக்கும் பாரசிட்டமாலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

இளம்பூனைக்கு ஆன்டிபயாட்டிக்குக் கேட்காத காய்ச்சலோடு வயிறு வீங்கினால் எஃப்.ஐ.பி.யாக இருக்கலாம். பூனைக் கொரோனா வைரஸ் உடலுக்குள் உருமாறுவதால் வருவது. முன்பு கைவிடப்பட்ட நோய். ஜி.எஸ்.441524 மருந்தால் பூனைகள் குணமானதை 2019-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். கோவிட் காலத்தில் நாம் கேள்விப்பட்ட ரெம்டெசிவிர் உடலுக்குள் இந்த மருந்தாகத்தான் மாறுகிறது. வழக்கமாக 84 நாள் சிகிச்சை. மருந்து இருக்கிறதா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், கேட்காமல் கருணைக்கொலைக்குச் சம்மதிக்காதீர்கள்.

கடைசியாக, வெறிநோய். குட்டிக்கு மூன்று மாதத்தில் அதற்குத் தனி ஊசி போட வேண்டும். தெருக்குட்டி கடித்தாலோ கீறினாலோ, சிறு கீறல்தானே என்று விடாமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே தடுப்பூசி இலவசம்.