குடும்பமும் வாக்குறுதியும்

முப்பது மாணவர்களின் பெயர்களை வரிசைப்படுத்த ஒரு நிரல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே நிரல் அவர்களுடைய மதிப்பெண்களையும் வரிசைப்படுத்துமா? பெயர் எழுத்துகளால் ஆனது, மதிப்பெண்ணோ எண். இரண்டுக்கும் உறவே இல்லையே! ஆயினும், 1995-இல் வெளிவந்த ஜாவா என்னும் கணினி மொழியில் இது இயலும். எப்படி என்று பார்ப்போம்.

ஒரே தன்மையுள்ள பொருள்களைப் படைப்பதற்கான வரைபடத்தை இனக்குழு என்கிறோம். ஜாவாவில் முழு எண்ணுக்கு 'இன்டிஜர்', தசம எண்ணுக்கு 'டபுள்', எழுத்துத் தொடருக்கு 'ஸ்ட்ரிங்' என்று தனித்தனி இனக்குழுக்கள் உண்டு.

இன்டிஜர், டபுள் இரண்டுக்கும் 'நம்பர்' என்பது தாய். இது ஓர் அருவ இனக்குழு. முழு எண்ணாகவோ தசம எண்ணாகவோ இல்லாமல், வெறும் 'எண்' என்று ஒன்றைப் படைக்க முடியாதல்லவா? ஆகவே நம்பரைக் கொண்டு நேரடியாகப் பொருள் படைக்க இயலாது. அது பாதி கட்டிய வீடு. எண்ணின் மதிப்பைத் தரும் 6 செயல்களில் 2-ஐ அதுவே எழுதி வைத்திருக்கிறது. மீதி 4-ஐயும் பிள்ளைகள் எழுதிக்கொள்ள வேண்டும்.

வரிசைப்படுத்தும் நிரலுக்கோ இந்தக் குடும்ப உறவு தேவையில்லை. "உங்கள் இருவரில் முந்தியவர் யார்?" என்ற கேள்விக்கு விடை கிடைத்தால் போதும். அவ்விடையைத் தருவதாக அளிக்கும் வாக்குறுதியே 'கம்பேரபிள்' என்ற இடைமுகம். இன்டிஜரும் ஸ்ட்ரிங்கும் அதை அளித்துள்ளன.

குடும்பத்தில் பிறந்தால் வாக்குறுதியும் தானே வந்துவிடுமா? வராது. 'அட்டாமிக் இன்டிஜர்' என்பதும் நம்பரின் பிள்ளைதான். ஆனால் அதன் மதிப்பு இடையில் மாறக்கூடியது. வரிசையில் நிற்கும்போதே ஒருவருடைய உயரம் மாறினால் வரிசை என்னாகும்? எனவே அது அந்த வாக்குறுதியை அளிக்கவில்லை.

ஜாவாவில் ஓர் இனக்குழுவுக்குத் தாய் ஒன்றுதான். வாக்குறுதிகள் எத்தனையும் இருக்கலாம். இரண்டு தாய்கள் ஒரே செயலை வெவ்வேறு விதமாக எழுதியிருந்தால் எதைப் பின்பற்றுவது என்ற குழப்பம் இதனால் தவிர்க்கப்படுகிறது.

இடைமுகத்தில் புதிய வாக்குறுதி ஒன்றைச் சேர்த்தால், அதை முன்பே ஏற்ற இனக்குழுக்கள் எல்லாம் பிழையாகிவிடும். இதைத் தவிர்க்கவே, 2014-இல் வந்த ஜாவா 8, இடைமுகத்திலும் செயல்களை எழுதிவைக்க இடமளித்தது. அப்படியானால் வேற்றுமை மறைந்துவிட்டதா? இல்லை. ஒவ்வொரு பொருளுக்கும் உரிய தனித்தனி மதிப்புகளைச் சேமித்து வைக்கும் இடம் அருவ இனக்குழுவில் உண்டு, இடைமுகத்தில் இல்லை.

இனி, உங்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் பள்ளி நூலகத்தில் அகராதியும் ஒரு நூல்தான். ஆனால் அதை வீட்டுக்குத் தருவதில்லை. சதுரங்கப் பலகை நூலன்று. ஆனால் அதை இரவல் தருகிறார்கள். இந்நூலகத்துக்கு நிரல் எழுதினால் 'நூல்', 'இரவல் தரத்தக்கது' ஆகிய இரண்டில் எது அருவ இனக்குழு, எது இடைமுகம்? சிந்தித்துப் பாருங்கள்.