மூப்பும் நலிவும்

நுழையும்முன்

ஆண்டுகள் கூடுவது மூப்பு. தாங்கும் ஆற்றல் குன்றுவது நலிவு. இரண்டையும் ஒன்றெனக் கருதுவதால், தடுக்கத்தக்க துன்பங்களையும் ‘வயதானால் அப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறோம். முதியோர் இல்லங்களில் நலிவை அறிந்து பேணும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

வயதன்று அளவுகோல்

எண்பது வயதில் குற்றாலச் சாரலில் குடைபிடித்து நடப்பவர் உண்டு. எழுபதிலேயே சிறு காய்ச்சலுக்குப்பின் கட்டிலைவிட்டு எழ இயலாதவரும் உண்டு. நோயிலிருந்தும் வீழ்ச்சியிலிருந்தும் மீளும் வலிமையே இவ்விருவரையும் வேறுபடுத்துகிறது.

ஐந்து அறிகுறிகள்

அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃபிரைடும் அவர்தம் குழுவினரும் 2001இல் ஐந்து அறிகுறிகளை வகுத்தனர். முயலாமலே ஓராண்டில் ஏறத்தாழ நாலரை கிலோ எடை குறைதல், தொடர்ந்த களைப்பு, கைப்பிடித் தளர்ச்சி, நடையின் வேகம் குறைதல், உடலியக்கம் குன்றுதல் என்பன அவை. மூன்றோ அதற்கு மேலோ காணப்படின் நலிவு. ஒன்றோ இரண்டோ எனில் நலிவின் முன்னிலை. முன்னிலையில் கண்டறிந்தால் மீட்கும் வாய்ப்பு மிகுதி.

இதனுடன் எளிய சோதனை ஒன்றும் உண்டு. முதியவர் நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பிவந்து அமர வேண்டும். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆயின், அவர் விழும் வாய்ப்பு மிகுதி எனக் கொள்வர்.

பேணும் திட்டம்

அளந்தறிந்தபின் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே திட்டம் வகுத்தல் வேண்டும். எடை குறைந்தவருக்குப் பருப்பு, முட்டை, பால் முதலிய புரத உணவு. நடை தளர்ந்தவருக்கு அன்றாடப் பயிற்சி. பல மருந்துகள் உண்பவருக்கு மருத்துவரின் மறு ஆய்வு. படுக்கையில் இருப்பவரை, புண் வராதிருக்க, உரிய இடைவெளியில் புரட்டிப் படுக்கவைத்தலும் செவிலியர் கடமை.

இடமும் காலமும் கருதத்தக்கவை. தென்காசிப் பகுதியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரல் காலம். ஈரத்தரை, வழுக்கும் முற்றம், குளிர்காற்று ஆகியன நலிந்தோர்க்கு இடர் தரும். கழிவறையில் கைப்பிடியும் இரவு விளக்கும் வழுக்காத காலணியும் அப்போது மருந்துக்கு இணையானவை.

அன்பின் எல்லை

தாமே உண்ணக்கூடியவருக்கு ஊட்டிவிடுவது அன்பு போலத் தோன்றும். ஆயின் இயங்காத தசை மேலும் மெலியும். இயன்றதை அவரே செய்யவிட்டு, இயலாததற்கு மட்டும் கைகொடுப்பதே சிறந்த செவிலியம். எதை விரும்புகிறீர்கள் என அவரையே கேட்டு வகுக்கும் திட்டமே அவர்தம் மாண்பையும் காக்கும்.

தெரியுமா?

சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவு 1978இல் தொடங்கப்பட்டது. அதற்கு வித்திட்டவர் மருத்துவர் வ. செ. நடராசன்.

கற்பவை கற்றபின்

உம் வீட்டிலோ தெருவிலோ உள்ள முதியவர் ஒருவரிடம் உரையாடி, அவர் தாமே செய்ய விரும்பும் பணிகளைப் பட்டியலிடுக.