ஏப்ரலில் ஏன் போகவில்லை?

அன்புள்ள தம்பிக்கு,

ஓராண்டில் கண்ட ஒவ்வொரு இனத்தையும் ஒரே ஒரு முறை குறிக்கும் ஆண்டுப் பட்டியலைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். பறவைகளை இனம் காண்பதில் உங்களுக்கு நான் சொல்லித் தர ஒன்றும் இல்லை. கானலில் நெளியும் கொசு உள்ளானைக் கால் கறுப்பாக இருப்பதை வைத்தே பிடித்துவிடுகிறவருக்கு யார் என்ன சொல்வது? என்னை உறுத்தியது ஒரு வரிதான். மார்ச் முதல் வாரத்தோடு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் முடிந்துவிட்டது, இனி அங்கே புதிதாக எதுவும் இல்லை என்று எழுதிவிட்டு, விடுபட்ட இனங்களைத் தேடி மலையேறிவிட்டீர்கள். பட்டியலின்படி நீங்கள் செய்தது சரி. தப்பு பட்டியலில் இருக்கிறது என்பதுதான் என் கட்சி.

முதல் பார்வைத் தேதியைக் குறித்து வைக்கும் பழக்கம் வடக்கு நாடுகளில் வளர்ந்தது. இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார் 1736இல் தகைவிலான் எப்போது வந்தது, குயில் எப்போது கூவியது என்று எழுதத் தொடங்கினார். அவர் குடும்பம் 1958 வரை அதைத் தொடர்ந்தது, இடையில் சில ஆண்டுகள் விடுபட்டாலும். அங்கே வசந்தம் என்றால் வருகை. ஜனவரி ஒன்றாம் தேதி புதுப் பட்டியலைத் தொடங்குகிறவர் ஏப்ரலில் தகைவிலானைக் குறித்தால், அந்தத் தேதி ஏறக்குறைய அந்தப் பறவை வந்து சேர்ந்த தேதியே. நமக்கு எல்லாம் தலைகீழ். நம் விருந்தாளிகள் ஆகஸ்டிலிருந்து வரத் தொடங்கி, பனிக்காலம் முழுக்க இருந்து, மார்ச் முதல் மே வரை கிளம்பிப் போகிறார்கள். ஜனவரி ஒன்று அவர்கள் தங்கலின் நட்டநடுவே விழுகிறது. அன்று நீங்கள் குறித்த பழுப்புக் கீச்சானின் தேதி அந்தக் கீச்சானைப் பற்றி எதுவும் சொல்லாது. உங்களுக்கு அன்று விடுமுறை என்று மட்டும் சொல்லும். அதே கீச்சான் போய்விட்டு செப்டம்பரில் திரும்பி வரும்போது பெயர் ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறது, ஆகவே வருகையும் பதிவாகாது. வந்த நாள் இல்லை, போன நாளும் இல்லை. வலசை வரும் பறவையின் கணக்கில் வலசையைத் தவிர மற்றதெல்லாம் இருக்கிறது.

நீங்கள் தவறவிட்டது எது என்று சொல்கிறேன். கர்லூ சாண்ட்பைப்பர் என்ற உள்ளானை ஜனவரியில் சாம்பலும் வெள்ளையுமாகப் பார்த்து ஒரு கோடு போட்டீர்கள். ஏப்ரலில் அது வேறு பறவை. மார்பிலும் வயிற்றிலும் செங்கல் நிறம் திட்டுத்திட்டாக ஏறும். புதிய இறகுகளின் நுனி வெளிறியிருப்பதால் முதலில் மாவு தூவியதுபோல் தெரியும். நுனி தேயத் தேயத்தான் அடியில் இருக்கும் சிவப்பு முழுக்க வெளிப்படும். ஒரே கூட்டத்தில் முக்கால் சிவந்ததும், கால் சிவந்ததும், சாம்பலாகவே நிற்பதும் பக்கத்துப் பக்கத்தில் மேயும். வயிறு பருத்திருக்கும். சைபீரியாவின் வடகோடித் துந்திராவுக்குப் போகக் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. இத்தனையும் நடக்கிற சேற்றை விட்டுவிட்டுத்தான் "புதிதாக எதுவும் இல்லை" என்கிறீர்கள்.

இதற்கு மறுப்பு வரும், தெரியும். கடைசித் தேதியை யாரால் குறிக்க முடியும்? முதல் பறவை தானே வந்து நிற்கும். கடைசிப் பறவை இதுதான் என்று அன்றைக்குத் தெரியாது. உண்மைதான். அதனால்தான் போன பிறகும் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒன்றும் காணாத நாளையும் எழுதினால்தான் கண்ட கடைசி நாளுக்குப் பொருள் வரும். இ-பேர்ட் இணையப் பதிவேட்டில் எல்லாம் பதிவாகிறதே என்பீர்கள். ஆகிறது, நீங்கள் போனால். கண்ட எல்லா இனங்களையும் பதிந்தீர்களா என்ற கேள்விக்கு ஆம் என்று சொன்ன செக்லிஸ்டுகளிலிருந்துதான் ஒரு பறவை இல்லாததைக் கணிக்க முடியும். போகாத ஏப்ரலிலிருந்து எதையும் கணிக்க முடியாது. முதல் தேதி ஒன்றும் அவ்வளவு நம்பகமானதும் அல்ல. பார்ப்பவர்கள் கூடினாலும், பறவைகளின் எண்ணிக்கை கூடினாலும் அது முன்னே நகரும், வலசையில் எந்த மாற்றமும் இல்லாமலே. கடைசித் தேதியைக் கேட்பது புதிதும் அல்ல: வலசைப் பறவைகளைப் பதிய 2007இல் நம் நாட்டில் தொடங்கிய மைக்ரன்ட்வாட்ச் திட்டம் முதல் பார்வையோடு கடைசிப் பார்வையையும் கேட்டது. இதெல்லாம் பொழுதுபோக்கு, அறிவியல் அல்ல என்பது இன்னொரு வாதம். பொழுதுபோக்கு என்றே இருக்கட்டும். ஆனால் உங்கள் கட்டுரையின் தலைப்பில் வலசை என்று போட்டிருக்கிறீர்கள்.

இவற்றைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. உள்ளான்களில் முதல் வயது இளம் பறவைகள் சில கோடையிலும் வடக்கே போகாமல் கோடியக்கரை போன்ற இடங்களிலேயே தங்கிவிடும். அப்படியானால் கடைசித் தேதி என்று ஒன்று உண்டா? பெயரை மட்டும் எழுதினால் இல்லை. எண்ணிக்கையையும் இறகின் நிறத்தையும் சேர்த்து எழுதினால் உண்டு. நூறாக இருந்தது ஐந்தாகி, அந்த ஐந்தும் சாம்பலாகவே நின்றால், போக வேண்டியவை போய்விட்டன என்று அர்த்தம்.

இன்னொன்று, போகிற போக்கில். ஆறுமணிக்குருவிக்குக் குரல் பதிவைப் போட்டு வெளியே வரவழைத்ததைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். விடியலிலும் அந்தியிலும் தானே கூப்பிடுகிற பறவை அது, பெயரே அதைச் சொல்கிறது. அந்த நேரம் வரை காத்திருக்க உங்கள் பட்டியல் விடவில்லை.

இவ்வளவு திட்டிவிட்டேன். ஆனால் சூறைக்குருவிகள் அடையப் போவதை அடுத்தடுத்த மாலைகளில் நின்று எண்ணிய பத்தி இருக்கிறதே, தமிழில் பறவைகளைப் பற்றி அண்மையில் நான் படித்த எதுவும் அதன் பக்கத்தில் நிற்காது. கொண்டை கறுத்து, முதுகு ரோஜா நிறமேறிய ஆண்கள் ஒவ்வொரு மாலையும் குறைந்துகொண்டே வருவதை எண்ணிக்கையோடு எழுதியிருக்கிறீர்கள். அதுதான் புறப்பாடு. மத்திய ஆசியாவில் வெட்டுக்கிளி பெருகும் பருவத்துக்கு அவை கிளம்புகின்றன. எண்ணிக்கை பூஜ்யமாகும்வரை நீங்கள் நிற்கவில்லை. ஏன் என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: பெயர் ஜனவரியிலேயே பட்டியலில் ஏறிவிட்டது.

பட்டியலை விடச் சொல்லவில்லை. ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே முதல் நாள், கடைசி நாள், அதன் பிறகு போயும் காணாத நாள் என்று இடம் விடுங்கள். மே வெயிலில் விடிந்ததும் ஒரு மணி நேரம் போதும். இப்போது கையில் இருக்கும் பட்டியலில் அந்த மூன்றாவது கட்டத்தை நிரப்ப வழியில்லை. அடுத்த ஏப்ரலில் மலைக்குப் போகும் முன் பள்ளிக்கரணைக் கரையில் ஒரு காலை நின்றுவிட்டுப் போங்கள். எத்தனை சிவப்பு, எத்தனை சாம்பல் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்